அன்ரன் இல்லாத பட்டியல்

1996 ஒக்டோபர் 20, ஞாயிறு

பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில், எங்கள் பேஸ்போல் அணியின் அடுத்த பருவத்துக்கான பெயர்ப்பட்டியலைத் தலைவர் ரெஜினோல்ட் வாசித்தார். அதில் அன்ரனின் பெயர் இல்லை. மூன்று வருடங்களாக அவனே எங்கள் பந்தெறிவாளன். அவன் எறிவதைப் பார்க்கவே ஞாயிறுதோறும் நான் மைதானத்துக்குப் போகிறேன்.

காரணம் நான் எழுதிய விதி. மன்னாரில் அப்புக்காத்தாக, அதாவது வழக்கறிஞனாக, இருந்தவன் என்பதால், அணிக்கு விதிகள் அடங்கிய யாப்பு எழுதும் பொறுப்பை இவ்வருடம் என்னிடம் தந்தார்கள். இந்த அந்நிய நாட்டில் வீட்டு வேலை செய்யும் எம்மவர் எல்லோருக்கும் வியாழன் பின்னேரம் ஓய்வு. ஆகவே ஐந்து வியாழன் பயிற்சிக்கு வராதவர் மறுபருவம் ஆட முடியாது என்று எழுதினேன். அன்ரன் பராமரிக்கும் முதிய எசமானியம்மா, சிஞோரா, வைகாசியில் படுத்த படுக்கையானார். அதன்பின் அவனுக்கு வியாழன் ஓய்வு இல்லை. ஞாயிறு பூசைக்கும் ஆட்டத்துக்கும் மட்டுமே அந்த வீட்டை விட்டு வெளியே வருவான்.

"விலக்கு ஏதும் இருக்கோ, ஐயா?" என்று ரெஜினோல்ட் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

அன்ரன் சிரித்தான். "அப்புக்காத்து ஐயா எழுதினதிலை ஓட்டை இருக்குமே? எலி கூடப் பூரேலாது." பின்பு பையிலிருந்த கையுறையை எடுத்துத் தலைவரிடம் கொடுத்தான். "இது அணியின்ரை. நான் போறன், சிஞோராவுக்கு மருந்து குடுக்கவேணும்."

விலக்கு இல்லை என்பது சரி. ஆனால் கூடியிருப்போர் கை உயர்த்தினால் எந்த விதியையும் அவ்விடத்திலேயே திருத்தலாம் என்ற பிரிவையும் நான்தான் எழுதினேன். ஒருவரும் எதிர்த்திருக்க மாட்டார்கள்.

அவன் பேருந்து ஏறிய பின்னரே அந்தப் பிரிவு நினைவுக்கு வந்தது என்று எழுதத் தொடங்கினேன். அது உண்மையன்று. ரெஜினோல்ட் கேட்டபோதே நினைவில் இருந்தது. என் விதி பிழை என்று அத்தனை பேர் முன் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.