நீல மூடி டப்பா

அண்ணா,

நீல மூடி போட்ட சின்ன டப்பா ஒன்று இன்று காலையில் என் கைப்பையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் மலம் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்த டப்பா. பேப்பரில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, மேலே துண்டு வைத்து மூடியிருந்தேன். மொரப்பூரில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, "என்னாங்க, பலகாரமா? மடிய வுட்டு எறக்கவே மாட்டேங்கறீங்க" என்று கேட்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆமாங்க என்று சொல்லித் தொலைத்தேன். எங்கே ஒண்ணு குடுங்கன்னு கேட்டுவிடுவாரோ என்று தர்மபுரி வரும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

உனக்கும் இதே வெக்கம்தானே? மாரண்டஹள்ளி மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போகும்போது உட்கார முடியாமல் டெம்போவில் நின்றுகொண்டே போவாய். ரத்தம் போவதை அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "மூலச்சூடு பாப்பா, ஊர்ல யாருக்குத்தான் இல்ல?" என்றாய். நானும் துத்தி இலை பறித்து, சின்ன வெங்காயம் போட்டு வதக்கிக் கொண்டுவந்தேன். சூடு என்று உன் தட்டிலிருந்து கோழிக்கறியை எடுத்துவிட்டேன். பெரிய வைத்தியச்சி நான்! நீயோ டாக்டரம்மாவிடம், பொம்பளையிடம் எப்படிச் சொல்வதென்று, "வயிறு சரியில்லைங்க" என்று மட்டும் சொல்லி மாத்திரையோடு திரும்பினாய். குடலில் கட்டி என்று தெரிந்தபோது அது ஈரல் வரைக்கும் போயிருந்தது.

அப்போதும் நாங்கள் திருந்தவில்லை. கேட்டவர்களிடம் அல்சர் என்றோம். உன் சாவுக்கு வந்தவர்களிடமும் அல்சர்தான்.

ஆனால் ஆராய்ச்சி செய்கிறவர்கள் வந்து உன் ரத்தமும் மலமும் கேட்டபோது நீ மறுக்கவில்லை. தொந்தரவு எதுவும் தெரிவதற்கு முன்பே இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ரத்தத்திலோ மலத்திலோ கிடைக்குமா என்று தேடுகிறார்களாம். "எடுத்துக்கங்க சார். நான் மறைச்சு வெச்சது போதும், யாருக்காச்சும் ஆவட்டும்" என்றாய். உன் கட்டியைச் சோதித்துவிட்டு, இது குடும்பத்தில் வரக்கூடிய வகையாக இருக்கலாம், கூடப் பிறந்தவர்களும் டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கொள்ளணும் என்றார்கள். நீ என் கையைப் பிடித்து, "வெக்கப்பட்டே செத்துடாத பாப்பா" என்றாய்.

இன்று வரிசையில் என் முறை வந்ததும் நர்ஸ் பொண்ணு, "வூட்டுல யாருக்காச்சும் இருந்துச்சாங்கம்மா?" என்று கேட்டாள். திரும்பிப் பார்த்தால், சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க எனக்குப் பின்னால் நிற்பது அதே பஸ் அம்மா! அல்சர் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. துண்டை எடுத்துவிட்டு டப்பாவை மேசைமேல் வைத்தேன்.

"எங்கண்ணனுக்குங்க. மலக்குடல்ல கேன்சர். மூலம்னு நெனச்சு வுட்டுட்டோம்."

குரல் ஏனோ சத்தமாகவே வந்தது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

குடலுக்குள் குழாய் விட்டும் பார்க்கணும் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். வெளியே வந்தபோது அந்த அம்மா என் முந்தானையைத் தொட்டார். "எங்க வூட்டுக்காரரும் மூலம்னுதாங்க சொல்றாரு. நானும் துத்திக்கீரதான் வதக்கிக் குடுக்கறேன்" என்றார்.

என் வெக்கம் இன்னும் போகவில்லை. ஆனால், "நாளைக்கே கூட்டிக்கிட்டு வாங்க, கூடவே நின்னு நீங்களே டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்று அவரிடம் சொன்னேன். உனக்கு ஒருநாளும் நான் செய்யாததை, அண்ணா.