சுழிக்குக் கீழே இரண்டு கோடு

உ
பினாங்கு
12-3-1931

சோணைக்கு ஆசீர்வாதம்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, ஏழு நாள் கடலில் ஆடி, ஒரு வழியாகக் கரை சேர்ந்தேன். வழியில் உண்டதில் பாதி மீனுக்குப் போயிற்று. இங்கே நம் பக்கத்து ஆள் ஒருவரின் நகைக்கடையில் பட்டறை வேலை கிடைத்திருக்கிறது. முதலாளி என் கைவேலையைப் பார்த்துவிட்டு, மதுரையில் கற்றதா என்று கேட்டார். உசிலம்பட்டியில் பிறக்கும்போதே கற்றது என்றேன். நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

இரண்டே வருஷம். அதற்குள் அன்னக்கொடிக்குக் காது குத்திவிடாதே. என் மகள் காதை நான்தான் குத்துவேன், தோடும் நான்தான் அடிப்பேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன அவசரம்? பட்டறையைப் பூட்டி வை. ஊதுகுழலை யாருக்கும் இரவல் கொடுக்காதே.

இப்படிக்கு,
சுருளி


உ
உசிலம்பட்டி
2-9-1931

அன்னக்கொடி அப்பாவுக்கு நமஸ்காரம்.

நானும் பிள்ளையும் சுகம். ஊதுகுழலை யாருக்கும் இரவல் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். கோபிக்க வேண்டாம்.

சந்தை நாளன்று சோலையம்மாள் என்று ஒரு அம்மாள், நசுங்கிய தண்டட்டிகளோடு வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டாள். ஆசாரி ஊரில் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். மதுரைக்குக் கொண்டுபோக ஆள் இல்லை என்று வெறும் காதைத் தொட்டுக் காட்டினாள். பாவமாக இருந்தது. நீங்கள் செய்வதை எத்தனை தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்! உள்ளே இருந்த அரக்கை இளக்கி எடுத்து, தகட்டை நிமிர்த்தி, திரும்ப அரக்கு ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த சந்தைக்கு நாலு பேர் வந்தார்கள்.

உமித் தீ மூட்டுமுன் உங்களைப் போலவே சாம்பலில் பிள்ளையார் சுழி போட்டேன். சுழிக்குக் கீழே இரண்டு கோடு, கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி. ஊரில் எல்லோரும் கோட்டோடு நிறுத்திவிடுவார்கள். அந்தப் புள்ளி உங்களுடையது.

மேல்விலாசத்தைத் தபால் ஆபீஸ் ஐயாதான் எழுதித் தருகிறார். உங்கள் பெயரை வாயால் சொல்வதெப்படி, கையால் எழுதுவதெப்படி? உங்கள் கடிதத்தின் அடியில் விரலை வைத்துக் காட்டுகிறேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதுகிறார்.

தங்கள்
சோணை


உ
பினாங்கு
20-1-1932

சோணைக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. தண்டட்டி நிமிர்ந்தது சரி. என் மானம் நிமிருமா? பெண்பிள்ளை உலைக்கு முன்னால் உட்கார்ந்தால், புருஷன் சோறு போடவில்லை என்றுதானே ஊர் பேசும்? போகட்டும். கெட்டிக்காரியைக் கட்டினவனுக்கு என்ன கவலை.

ஊதும்போது கன்னத்தில் காற்றை நிறுத்திக்கொண்டு மூக்கால் மூச்சு எடு. நெஞ்சிலிருந்து ஊதினால் வலி வரும்.

சுருளி


உ
உசிலம்பட்டி
15-6-1933

அன்னக்கொடி அப்பாவுக்கு நமஸ்காரம்.

கடிதத்திலும் பொடி வைத்துத்தான் ஊதுகிறீர்கள். நான் பொன்னை ஒட்ட வைக்கப் பொடி வைக்கிறேன். நீங்கள் எதை ஒட்ட வைக்க? ஆனால் கன்னத்தில் காற்றை நிறுத்தச் சொன்னது பலித்தது. இப்போது நெஞ்சுவலி இல்லை.

வைகாசியில் சோலையம்மாள் தன் மகன் மொக்கையன் கல்யாணத்துக்குத் தாலி செய்ய என்னிடமே பொன் கொண்டுவந்தாள். தட்டை நீட்டுமுன் ஒன்று கேட்டாள். "கட்டுக்கழுத்திதான தாயி? அங்கிட்டு ஆசாரி நல்லாருக்காருல்ல?"

நன்றாக இருக்கிறார், போன மாதம்கூடக் கடுதாசி வந்தது என்றேன். வரவில்லை என்பது நமக்குத்தான் தெரியும். புருஷனை இழந்தவள் கை தாலிப் பொன்னைத் தொடக்கூடாதாம். ஆக, ஊதுவது நானானாலும் பட்டறை ஓடுவது உங்கள் ஆயுளில். அதற்காகத் தினமும் சாமி கும்பிடுகிறேன். அதற்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஊதும்போது வாய் திறந்து பேச முடியாது, நடுவில் நிறுத்தினால் ஒட்டு விட்டுப்போகும். அன்னம் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். முடித்துவிட்டுத் திரும்பினால் அழுத முகத்தோடு தூங்கிப்போயிருப்பாள். இப்போதெல்லாம் கூப்பிடுவதே இல்லை. நான் குழலை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறாள். வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம், பேச்சுச் சத்தம் இல்லை. எனக்கு ரொம்பத் தனியாக இருக்கிறது. நீங்கள் சொன்ன இரண்டு வருஷம் பங்குனியோடு முடிந்துவிட்டது.

தங்கள்
சோணை


உ
பினாங்கு
4-11-1934

சோணைக்கு.

வேலை அதிகம். இப்போது வரத் தோதுப்படாது. அன்னத்தின் காதுகுத்தைத் தள்ளிப்போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

சுருளி


உ
உசிலம்பட்டி
10-8-1936

அன்னக்கொடி அப்பாவுக்கு நமஸ்காரம்.

இதற்கு முன் மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

இங்கே வேலைக்குக் குறைவில்லை. வாடிப்பட்டியிலிருந்துகூடத் தாலிக்கு வருகிறார்கள், கை ராசியாம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் காது குத்துகிறேன். அன்னம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். எட்டு வயதாகிறது. பள்ளிக்கூடத்தில் அவளை "ஆசாரி வீட்டு மூளி" என்கிறார்களாம். என்னிடம் அவள் சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் சொல்லி அழுதிருக்கிறாள்.

பினாங்கிலிருந்து காசிமாயன் அண்ணன் ஊர் திரும்பியிருக்கிறார். உங்களைப் பார்த்தாரா என்று கேட்டேன். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டார். பிறகு சொன்னார்: "நல்லாத்தான் இருக்காரு தங்கச்சி. அங்கன ஒரு குடும்பம் ஆயிருச்சு, ரெண்டு பயலுக. நீ காத்துக் கெடக்காத."

அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை. மறுநாள் ஒரு மூக்குத்திக்குத் திருகு வைக்க வேண்டியிருந்தது. மூன்று தடவை வைத்தும் ஒட்டவில்லை.

அவர்களை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. தை மாதம் ஒரே ஒரு தடவை வந்து பிள்ளைக்குக் காது குத்திவிட்டுப் போங்கள். முடியாதென்றால், வரமாட்டேன் என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். அது போதும்.

தங்கள்
சோணை


உ
பினாங்கு
3-12-1936

சோணையம்மாள் அவர்களுக்கு,

நான் சுருளி ஆசாரியோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தவன். அவர் கார்த்திகை மாதம் பத்தாம் தேதி காய்ச்சலில் காலமாகிவிட்டார் என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். கடைசி வரை உங்களையும் மகளையுமே நினைத்துக்கொண்டிருந்தார். காரியங்களை நாங்களே முடித்துவிட்டோம். அங்கே செய்ய வேண்டியதை நீங்கள் செய்துகொள்ளவும். இனி இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம்.

முத்துக்கருப்பன்


உசிலம்பட்டி
10-2-1937

முத்துக்கருப்பன் என்று கையெழுத்துப் போட்டவருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. படித்து முடித்தேன். கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. வெகு நேரம் கழித்துத்தான் கடிதத்தின் தலைப்பைப் பார்த்தேன்.

சாவுச் சேதிக்கு யாராவது பிள்ளையார் சுழி போடுவார்களா? அப்படியே போட்டாலும், கீழே இரண்டு கோடு இழுத்து, அதற்கும் கீழே ஒரு புள்ளி வைப்பார்களா? எழுத்தை இடது பக்கம் சாய்த்துச் சாய்த்து எழுதியிருக்கிறீர்கள், பாவம், கை வலித்திருக்கும். சுழியை மட்டும் மாற்ற மறந்துவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது சுடுகாட்டையும் தாண்டி வந்திருக்கிறது.

துக்கக் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துப் போட்டுவிட வேண்டும். நான் கிழிக்கவில்லை. அவர் உயிரோடு இருப்பதற்கு அவரே எழுதித் தந்த சாட்சி இது. பிள்ளையார் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆசாரியைப் பார்த்தால் சொல்லுங்கள். இந்தச் சாவை நான் நம்பியிருந்தால் என் தாலி மட்டும் போகாது, ஊராரின் தாலிப் பொன்னும் என் கையை விட்டுப் போயிருக்கும். எனக்கும் பிள்ளைக்கும் சோறு அதில்தான் என்று அவருக்குத் தெரியும். ஒரு வரிதான் கேட்டேன். அதை எழுதக் கூச்சப்பட்டு, ஒரு சாவையே எழுதிவிட்டார்.

அன்னத்துக்குத் தையில் நல்ல நாள் பார்த்து நானே காது குத்தினேன். தோடும் நான் அடித்ததுதான். எத்தனையோ பிள்ளைகளுக்குக் குத்தியிருக்கிறேன், இவள் காதுக்கு மட்டும் இரண்டு தடவை புள்ளி வைத்துப் பார்த்தேன். அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா வரமாட்டாருன்னு எனக்கு எப்பவோ தெரியும்மா" என்றாள். எனக்குத்தான் கடைசியில் தெரிந்திருக்கிறது.

என் தாலியின் வளையம் தேய்ந்து அறுகிற நிலையில் இருந்தது. ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு அதைக் கழற்றி, பொடி வைத்து ஊதி, நானே ஒட்ட வைத்துக்கொண்டேன். இனி யார் என்ன எழுதினாலும் அது அறாது. இந்தக் கழுத்தில் அது கிடப்பது அவருக்காக இல்லை, என் பட்டறைக்காக.

தனியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை எழுதிச் சொல்ல இனி ஆள் கிடையாது.

இந்தக் கடிதத்தின் தலையில் சுழி இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். படித்ததும் கிழித்துப் போடவேண்டியது இதைத்தான்.

சோணையம்மாள்

மேல்விலாசத்துக்காக இந்தத் தடவை தபால் ஆபீஸ் ஐயாவிடம் போகவில்லை. சுருளி ஆசாரி என்று நானே எழுதிவிட்டேன். எழுத எளிதான பெயர்தான்.