எந்தக் கலர் தீர்ந்தது என்று முதலில் சொன்னவளுக்கு

இன்று தி.நகரில் மருமகளுக்குப் புடவை எடுக்கப் போயிருந்தேன். மாம்பழக் கலர் கேட்டேன். பில் போடும் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "அது நேத்தே தீர்ந்துடுச்சும்மா, வியாழக்கிழமை வரும்" என்றாள். புதுத்துணி வாசனைக்கு நடுவே நின்றுகொண்டு உன்னை நினைத்து அழுதேன். மருமகள் பயந்துபோனாள்.

எழுபதுகளில் அதே தி.நகரில் அதை முதலில் சொன்னவள் நீ. ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் படிப்பதற்கான துளை அட்டைகளை அடிக்கும் வேலையை விட்டுவிட்டு, நாம் இருவரும் மந்தைவெளியில் ஒரு கார் ஷெட்டைப் பிடித்தோம். விற்ற ஒவ்வொரு புடவைக்கும் ஓர் அட்டை. கலருக்கு ஒரு துளை, கரைக்கு ஒரு துளை. அவற்றைப் பிரித்து, எது தீர்ந்தது, எது தங்கியது என்று சொல்ல நீ புரோகிராம் எழுதினாய். கம்ப்யூட்டர் நமக்கேது? வேறொருவர் மெஷினில் வாடகைக்கு ஓட்டினோம். பூக்காரியிடம் தினமும் ஏமாறுகிறவள், கடைக்கார அண்ணாச்சியிடம் "தீபாவளிக்குப் பச்சை வாங்காதீங்க, தங்கிடும்" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் வாங்கினார், தங்கித்தான் போனது. அப்புறம் இன்னும் இரண்டு கடைகள் நம்மைத் தேடி வந்தன.

பிறகு ஒரு பெரிய கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ். இப்படிக் கணக்குப் பிரிக்கும் முறைக்கு வெளிநாட்டில் அவர்கள் காப்புரிமை வாங்கியிருக்கிறார்களாம். நாம் உடனே நிறுத்த வேண்டுமாம். அவர்கள் செய்ததை நீ கண்ணால் பார்த்ததே இல்லை. நம் மயிலாப்பூர் வக்கீல், "அங்க வாங்கினது இங்க செல்லாதும்மா. ஆனா கேஸ்னு போட்டா இழுத்தடிப்பாங்க. அதுவரைக்கும் தாக்குப்பிடிப்பீங்களா?" என்றார். நீ முடியும் என்றாய்.

ஆனால் நோட்டீஸின் நகல் கடைகளுக்கும் போயிருந்தது. அண்ணாச்சி நல்லவர்தான். "தாயீ, நீங்க தப்பு பண்ணலன்னு எனக்குத் தெரியும். ஆனா கோர்ட்டு வாசப்படி நமக்கு ஆகாது" என்று கும்பிட்டார். மற்ற கடைகள் அட்டை அனுப்புவதையே நிறுத்திவிட்டன. வழக்கு வரவேயில்லை; வரத் தேவையும் இருக்கவில்லை. ஷெட்டைக் காலி செய்தோம், நீ பேங்க்கில் சேர்ந்தாய். அதற்கப்புறம் ஒரு வரி புரோகிராம் எழுதவில்லை. அந்தக் கம்பெனி மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் ஆறவில்லை.

கடைசியில் அடையாறில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தாய். நர்ஸ் எல்லாருடைய மாத்திரைகளையும் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருவருடையது இன்னொருவருக்குப் போகாமலிருக்க ஒரு வழி சொன்னாய். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு உன் முகம் அப்படித் தெளிந்திருந்தது. சொல்லி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாய்: "இதுவும் யாரோடதாவது இருக்குமோடி?"

"உன்னோடதுதான்" என்றேன். நீ நம்பவில்லை.

நீ சொன்ன வழி எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன மறுநாளே யாராவது வந்து, அது எங்களுடையது என்பார்களோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.