எந்தச் சில்லு இழுக்கும்?

1986 நவ. 2, ஞாயிறு

காலையிலிருந்து மழை. ஜன்னல் கண்ணாடியில் உட்பக்கமும் ஈரம். துடைத்துத் துடைத்து அலுத்துவிட்டது.

என்னோடு வேலை செய்யும் உர்சுலா சொல்லிவிட்டாள். டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து பிரசவ லீவு. இத்தனை மாதமும் முதியோர் இல்லத்துக்கு அவளுடைய காரில்தான் போய் வந்தேன். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். அந்த நேரத்துக்கு இல்லம் இருக்கும் மலைக்குப் பஸ் இல்லை. ஆகவே ஒன்று கார், அல்லது வேலையை விடுவது.

புரோபெட்சைட், அதாவது என்னைச் சோதித்துப் பார்க்கும் காலம், ஜனவரி கடைசி வரை. எனக்கு முன்பு இருந்த பெண் பனி கொட்டிய நாட்களில் வரவில்லையாம், நிறுத்திவிட்டார்கள். இல்லத் தலைவி ஃபிராவ் ஹோல்ட் இதை முதல் நாளே சொன்னார். மிரட்டல் இல்லை, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

ஊரில் ஒன்பது வருடம் பௌதிகம் படிப்பித்தவள் நான். இங்கே வந்து அகதி விடுதியில் வேலை செய்ய அனுமதி இல்லாமல் மூன்று வருடம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். திரும்பவும் சுவரா? முடியாது.

இவர் சொல்கிறார்: "குளிர் முடியுமட்டும் வீட்டில நில்லுமன். என்ர சம்பளம் காணும்தானே."

பருப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன்.

லைசன்ஸ் அலுமாரி மேல் தட்டில். கோடையில் எடுத்தது, இரண்டாம் முறையில் பாஸ். இவரிடம் லைசன்ஸ் இல்லை. கார் பற்றிய அபிப்பிராயம் மட்டும் நிறைய.

நவ. 9, ஞா.

மப்பு. மழை இல்லை. டோர்ட்மண்டிலிருந்து குணம் அண்ணையும் ராணியக்காவும் வந்தார்கள். அகதி விடுதியில் எங்களுக்குப் பக்கத்து அறையில் இருந்தவர்கள். இப்போது அண்ணையிடம் முன்னால் நட்சத்திரம் வைத்த நீட்டுக் கார். அதைத் துடைக்கவென்றே தனித் துவாய்.

ஆட்டிறைச்சிக் கறி, புட்டு. சாப்பாடு முடியும் வரை கார்ப் பேச்சு.

கு. அண்ணை: "ரீச்சர், பாரமான கார்தான் ஸ்நோவுக்குச் சரி. நிலத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும்."

நான்: "எந்தச் சில்லு இழுக்கும், அண்ணை?"

"நாலும்தான்." கொஞ்சம் யோசித்து, "இல்லை, பின் சில்லு."

"எஞ்சின் எங்கை இருக்கு?"

"முன்னுக்கு."

"அப்ப பாரம் முன்னுக்கு, இழுவை பின்னுக்கோ?"

மனுசன் கோபிக்கவில்லை. எங்களைக் கீழே கூட்டிப்போய்ப் பின் பெட்டியைத் திறந்து காட்டினார். இரண்டு அரிசி மூட்டை. சமைக்க அல்லவாம், பின்பக்கப் பாரத்துக்கு. சந்தோஷமாக இருந்தது எனக்கு. அண்ணைக்கும் அதே கணக்கு விளங்கியிருக்கிறது, வேறு வழியால். ஆனால் ஒரு மூட்டை பாதியில் தொய்ந்து கிடந்தது.

ராணியக்கா: "அது நான்தான் எடுக்கிறனான். அரிசி முடிஞ்சா கடைக்கு ஓடுறதே? கீழ கிடக்குதுதானே."

கு. அண்ணை: "அப்ப போன மாசி மாசம் பெற்றோல் அடிக்கிற செற்றடியில வழுக்கினது உம்மாலதான்!"

சிரித்துச் சிரித்து வயிறு நோ. அண்ணை மட்டும் மூட்டையைத் திரும்பத் திரும்ப அமத்திப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் போன பிறகு இவர் மெல்லச் சொன்னார். ஊரில் மச்சாளுக்கு, இவருடைய தங்கைக்கு, கலியாணம் பேசுகிறார்களாம். மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட, காருக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். நட்சத்திரக் கார் என்றால் படத்தில் வடிவாக இருக்கும்.

"படத்துக்கோ பனிக்கோ?" என்று கேட்டேன். "இரண்டுக்கும்தான்" என்றார். பாவம், அவரும் என்ன செய்வார். மாமி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறா.

நவ. 15, சனி

குளிர். வானம் தெளிவு. கார் விற்கும் இடத்துக்கு நடந்தே போனோம். எங்களுக்குக் கட்டுப்படியானவை மூன்று. பேர் நானே வைத்தேன்.

நீட்டு: நட்சத்திரம், டீசல், பின் சில்லு இழுவை. இவர் சுற்றிச் சுற்றி வந்தார். விற்பவன் ஒரு விஷயம் தானாகவே உளறிவிட்டான். கடும் குளிரில் டீசல் கட்டிபட்டுப் போகுமாம். எங்கள் தேங்காய் எண்ணெய் போல! இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே. எந்தக் குளிரில், எவ்வளவு நேரத்தில் என்று கேட்டேன். அவன் பேச்சை மாற்றினான்.

ஆமை: வட்ட முதுகு. எஞ்சின் பின்னால், இழுவையும் பின்னால். எஞ்சினுக்குத் தண்ணீரே இல்லை, காற்றால் ஆறுகிறது, ஆகவே உறைய ஒன்றும் இல்லை. எவ்வளவு புத்தியான ஏற்பாடு. அரை மணித்தியாலம் அதன் பின்மூடியைத் திறந்தபடி நின்றேன்.

பெட்டி: பாகற்காய்ப் பச்சை. சின்னது. பின்பக்கம் கத்தியால் வெட்டினது போல நேராக முடிகிறது. எஞ்சின் முன்னால், இழுவையும் முன்னால். கதவை அடித்துச் சாத்த வேண்டும்.

விற்பவன் என்னைப் பார்த்துச் சொன்னான்: "பெண்கள் வழக்கமாக நிறத்தைத்தான் கேட்பார்கள்."

"நிறம் எனக்குத் தெரிகிறது. தெரியாததைத்தான் கேட்கிறேன்" என்றேன். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்தப் பதிலை நினைத்து எனக்கே பெருமை. ஜெர்மன் மொழியில் ஒரு பதில் நேரத்துக்கு வாயில் வருவது அபூர்வம்.

நவ. 18, செவ்

ஈரக் குளிர். இல்லத்தில் இருக்கும் முதியவர் ஹெர் லுட்கேயிடம் ஆமை பற்றிக் கேட்டேன். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். ஆயுள் முழுக்க அதுதான் ஓட்டினாராம்.

"அருமையான கார். எந்த மேடும் ஏறும். ஓட்டிக்கொண்டே ஒரு கையால் கண்ணாடியை உட்பக்கம் சுரண்ட வேண்டும், அவ்வளவுதான்."

"உட்பக்கமா? ஏன்?"

"சூடு வராது. நீ விடும் மூச்சு அப்படியே உறையும்."

"அப்படியென்றால் பாதை எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றார். முகத்தில் பெரிய திருப்தி.

ஆமை பட்டியலிலிருந்து வெளியே. மனமில்லாமல்தான்.

நவ. 22, சனி

முதல் பனி! இல்லத்து இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து கீழ் வளைவு முழுக்கத் தெரியும். மலைப்பாதையில் அதுதான் மோசமான இடம். இடைவேளையில் தேநீரோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

நீட்டுக் கார்கள்: வால் ஆடுகிறது. ஒன்று பாதியில் நின்று பாதைக்குக் குறுக்கே திரும்பியது. ஓட்டி வந்தவர் இறங்கிச் சில்லுக்கு உதைத்தார். சில்லு என்ன செய்யும்.

சின்னப் பெட்டிகள்: முனகிக்கொண்டு ஏறுகின்றன.

ஒன்று விளங்கவில்லை. ஒரே மாதிரி இரண்டு பெட்டி, இரண்டும் முன் இழுவை. ஒன்று ஏறியது, மற்றது வழுக்கியது. பாரமும் ஒன்று, மேடும் ஒன்று. அப்படியானால் மிச்சம் இருப்பது உராய்வுக் குணகம். ஓடிப்போய் ஏறின காரின் டயரைக் குனிந்து பார்த்தேன். சொந்தக்காரர் வந்துவிட்டார்.

"என்ன தேடுகிறீர்கள்?"

"உங்கள் டயரை."

கள்ளி என்று நினைக்கப் போகிறார் என்று பயந்தேன். அவரோ சட்டைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்து டயரின் வெட்டுக்குள் செருகிக் காட்டினார். ஆழமான வெட்டு. குளிருக்கென்றே செய்த ரப்பராம், மற்றது குளிரில் மரக்கட்டை ஆகிவிடுமாம். ஒன்பது வருடம் மரக்கட்டையை மேசையில் இழுத்து உராய்வு படிப்பித்திருக்கிறேன். ரப்பரே மரக்கட்டை ஆகுமா என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

முடிவு: பச்சைப் பெட்டி. குளிர்கால டயர் நாலு. இவரிடம் நாளை சொல்வேன்.

நவ. 29, சனி

வெயில், ஆனால் உறைகுளிர். வாங்கியாயிற்று.

ஒரு வாரம் இவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "உது காரோ, பாண் பெட்டியோ" என்று ஒரே ஒருமுறை மட்டும். ஆனாலும் இன்று நல்ல நேரம் பார்த்துச் சில்லுக்குக் கீழே வைத்து நசிக்க நாலு தேசிக்காய் கொண்டுவந்தவர் அவர்தான். கடவுளுக்கு முன்னால் கோபம் இல்லை.

தேசிக்காயை இரவு ஜன்னலுக்கு வெளியே வைத்திருக்கிறார், பழுதாகாமல் இருக்க. கல்லாகிவிட்டது. நான் காரை எடுத்தேன், மூன்று நசியவில்லை, நாலாவது தெறித்துப் பக்கத்து வீட்டுத் தகரவாளியில் போய் அடித்தது.

"சகுனம் சரியில்லை" என்றார்.

"தேசிக்காய் சரியில்லை" என்றேன். சிரிப்பை அடக்கப் பார்த்து அவருக்கும் முடியவில்லை.

படம் எடுக்கவா என்று கேட்டேன். வேண்டாமாம்.

டிச. 4, வியா.

நாலு நாளாகத் தனியே ஓட்டிப் போகிறேன். பயம் உண்டு, ஆனால் நல்ல பயம்.

காலையில் எனக்கு உதவி செய்கிறேன் என்று இவர் ஒரு கேத்தல் சுடுதண்ணீரை முன் கண்ணாடியில் ஊற்றினார். ஒரு நிமிடம் தெளிவு. பிறகு அதுவே கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி. "சுடுதண்ணி எப்பிடியப்பா உறையும்?" நல்ல கேள்வி. பதில் சொல்ல நேரம் இல்லை, சுரண்டினேன்.

இன்னும் தெரிந்துகொண்டது: இரவில் கை பிரேக் போடக்கூடாது, ஒட்டிப்பிடிக்கும், கியரில் விட வேண்டும். திறப்பை நெருப்புக்குச்சியில் காய்ச்சினால் உறைந்த பூட்டுத் திறக்கும். பனியில் பிரேக் என்று ஒரு சாமான் இருப்பதையே மறந்துவிடுவது நல்லது.

1987 ஜன. 12, திங்கள். இல்லத்தில், இடைவேளை

எழுத்து கோணல். இருக்கட்டும்.

இரவு முழுக்கப் பனி. காலையில் காரைக் காணவில்லை, முற்றத்தில் ஒரு வெள்ளை மேடு. தோண்டி எடுத்தேன். இவருக்கு இந்த வாரம் பின்னேர வேலை. படுத்திருக்கலாம். சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"உம்மைத் தனிய விட ஏலாது. போய்ப் பாப்பம். ஏலாட்டித் திரும்புவம்."

கீழ்ப்பாதை பரவாயில்லை. வளைவடியில் மூன்று கார் ஓரமாகக் கிடந்தன. ஒன்று இல்லத்துச் சமையல்காரியுடையது. உள்ளே ஆள் இல்லை. உப்புப் போடும் லொறி வந்த அடையாளமும் இல்லை.

ஏறினேன். வளைவில் பாதிவரை. பிறகு முன் சில்லு சும்மா சுற்றுகிறது, எஞ்சின் கத்துகிறது, கார் மெதுவாகப் பின்னுக்கு வழுக்கி அடிவாரத்தில் நின்றது. திரும்ப ஏறினேன். திரும்ப அதே.

"காணுமப்பா" என்றார் இவர். "அவையளே விட்டிட்டுப் போட்டினம். ஒருத்தரும் உம்மைக் குறை சொல்லாயினம்."

உண்மைதான், இன்றைக்கு ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். ஜனவரி கடைசியில் சொல்வார்கள். அழுகை வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நன்றாக அழுதேன்.

கண்ணாடியில் மூச்சு படிந்திருந்தது. ஏனென்று தெரியாமல் விரலால் ஒரு சாய்வும் அதன்மேல் ஒரு பெட்டியும் கீறினேன், கரும்பலகையில் கீறுவது போல. மேட்டில் நிற்கும் பெட்டியின் பாரம் கீழ்ச் சில்லுக்கு இறங்கும். என் கீழ்ச் சில்லு சும்மா உருளும் சில்லு. இழுக்கும் சில்லு மேலே, பாரம் குறைந்து நிற்கிறது. அப்படியானால் பெட்டியைத் திருப்பினால்?

பஸ் நிறுத்துமிடத்தில் காரைத் திருப்பினேன்.

"என்ன செய்யிறீர்?"

"பின்பக்கமா ஏறப்போறன்."

"உமக்கென்ன விசரோ?"

பின் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டினேன், இருட்டு. அப்போது இவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் கேட்கவில்லை. முழங்கால் பனியில் மேட்டில் ஏறி நடந்தார், ஓரத்துக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பித் திரும்பிக் கத்திக்கொண்டு.

"இடப்பக்கம்... இன்னும் இடப்பக்கம்... காணும்! நேரை வாரும்! நிப்பாட்டாதையும், வாரும், வாரும்!"

ஏறியது. ஒரு தரம்கூடச் சில்லு சுற்றவில்லை. என் கணக்கை நானே நம்பவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

வாசலில் இரவு வேலைத் தாதி என்னைக் கட்டிப்பிடித்தாள். பகல் ஆட்கள் ஒருவரும் வரவில்லை. மேலே ஜன்னலில் ஹெர் லுட்கே, பைஜாமாவோடு கை தட்டிக்கொண்டு.

இவருக்கு ஒரு ஏப்ரன் கொடுத்தேன். முதலில் நடைபாதையில் தூண் போல நின்றார். பிறகு பாண் வெட்டினார். பிறகு பார்க்கிறேன், கை நடுங்கும் ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் கதிரை இழுத்துப் போட்டு, ஜாம் பூசிய பாணைச் சின்னச் சின்னத் துண்டாக ஊட்டிக்கொண்டிருக்கிறார்.

ஹெர் லுட்கே அவரிடம் கேட்டார்: "நல்ல கார். உங்களுடையதா?"

இவர் தன் உடைந்த ஜெர்மனில்: "இல்லை. என் மனைவியுடையது. நான் விளக்குப் பிடித்தேன்."

ஃபிராவ் ஹோல்ட் வீட்டிலிருந்து தொலைபேசியில் வந்தார். பாதை அடைபட்டு அங்கேயே கிடக்கிறார்.

"யார் யார் வந்திருக்கிறீர்கள்?"

"நான்."

"வேறு?"

"என் கணவர்."

"எப்படி வந்தீர்கள்?"

"பின்பக்கமாக."

ஜனவரி கடைசி வரை காத்திருக்கத் தேவையில்லையாம். நிரந்தரம் என்று கடிதம் எழுதுவாராம், பாதை திறந்ததும் முதல் வேலையாக. சூப் அடுப்பில் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றார். சூப்புக்கு வெங்காயம் நான் இன்னும் எடுக்கவே இல்லை.

மணி அடிக்கிறது. ஏழாம் அறை. நான் எழுவதற்குள் இவர் எழும்பிப் போகிறார்.