என் ரெஸ்யூமில் நீ போடாமல் விட்ட மார்க்

என் பிரியமுள்ள அண்ணே,

பிரியமுள்ள என்று கை தானாக எழுதிவிட்டது. அடிக்கவில்லை, இருக்கட்டும். பிரியம் இல்லாத ஆள் மேல் எனக்கு இம்புட்டுக் கோபம் வருமா?

நீ செத்துப்போய்ப் பத்து மாதம் ஆகிறது. கடையை மூடவில்லை. ஆனையூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே உன் ஜெராக்ஸ் கடையைக் காலையில் நான்தான் திறக்கிறேன். அந்தப் பழைய பிரிண்டர் இப்போதும் பேப்பரைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நீ தட்டுகிற இடத்தில் தட்டினால் எனக்கும் துப்பிவிடுகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் வந்திருக்கிறது, கண்தான் இன்னும் மங்கல். நல்ல சேதி அவ்வளவுதான்.

நீ இருந்தவரை ரெஸ்யூம் வேலையை என்னைத் தொடவே விட்டதில்லை. நீ போன பிறகு, ரெஸ்யூம் அடிக்க வருகிறவர்களுக்கு இத்தனை நாளும் உன் சட்டத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ மார்க்கைப் போடலாமா என்று கேட்பார்கள். "டிகிரி முடிச்சாச்சுல்ல, இன்னும் என்ன ஸ்கூல் மார்க்கு? சின்னப்புள்ளத்தனமா இருக்கும்" என்பேன். நீ என்னிடம் சொன்ன அதே வார்த்தை, அதே இழுவை. சொல்லும்போது உன்னைப் போலவே கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

நான் காலேஜ் முடித்த வருடம் உனக்கு ஞாபகம் இருக்கும். சென்னைக் கம்பெனி ஒன்று புதிதாகப் படித்து முடித்தவர்களை எடுக்கிறது என்று எங்கள் வகுப்பே பரபரத்துக் கிடந்தது. என் ரெஸ்யூமை நானே அடிக்கிறேன் என்றேன். "நீ தப்புத் தப்பா அடிப்ப பாப்பா, நகரு" என்று என்னை நாற்காலியிலிருந்து கிளப்பிவிட்டு நீ உட்கார்ந்தாய். பிளஸ் டூவில் தொண்ணூற்று நாலு சதவீதம் அண்ணே, அதைக் கொட்டை எழுத்தில் போடு என்று பின்னால் நின்று கெஞ்சினேன். அப்போதுதான் அந்தச் சட்டத்தைச் சொன்னாய். நான் வாயை மூடிக்கொண்டேன். ஊருக்கே ரெஸ்யூம் அடிக்கிற அண்ணனுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது?

அழைப்பு வரவில்லை. அடுத்து அனுப்பிய இடங்களிலிருந்தும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் நீதான் என்னைத் தேற்றினாய். "அவிங்களுக்குக் குடுத்து வைக்கல பாப்பா, விடு" என்று பருத்திப்பால் வாங்கிக்கொடுத்தாய். உன் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறேன். அழுகிற பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாயே, அந்தக் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லையே அண்ணே?

போன செவ்வாய்க்கிழமை ரஹ்மத் வந்தாள். என்னோடு படித்தவள், அவளுடைய ரெஸ்யூமையும் நீதான் அடித்துக்கொடுத்தாய். அந்தச் சென்னைக் கம்பெனியில்தான் இத்தனை வருடமாக வேலை பார்க்கிறாள். இப்போது வேறு இடம் மாறப்போகிறாளாம், ரெஸ்யூமைப் புதுசாக்க வேண்டும் என்றாள். உன் படத்தைப் பார்த்துக் கண் கலங்கினாள். "பாண்டி அண்ணன் அடிச்சுக் குடுத்த ராசிடி" என்று பையிலிருந்து பழைய தாளை எடுத்து நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தேன். பெயருக்குக் கீழேயே கட்டம் போட்டு, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி என்று மூன்று மார்க்கும் தடித்த எழுத்தில் இருந்தன. அவளுடைய பிளஸ் டூ எழுபத்தி எட்டு.

"இதெல்லாம் எதுக்குப் போட்ட?" என்றேன்.

"அண்ணன்தான் போடச் சொன்னாரு. மூணுலயும் அறுவதுக்கு மேல இருக்கான்னு பாத்துத்தான் கூப்புடுவாய்ங்க, மார்க்கு இல்லைன்னா அந்தத் தாளை அப்படியே ஒதுக்கிப்புடுவாய்ங்கன்னு சொன்னாரு. ஏண்டி, ஒனக்கு என்னைய விட எம்புட்டோ கூடுதலாச்சே, ஒன்னைய ஏன் கூப்புடலைன்னு நாங்க எல்லாருமே பேசிக்கிட்டோம்."

தாளில் தேதி இருந்தது. என்னுடையதை அடித்ததற்கு இரண்டு நாள் முந்திய தேதி.

அவள் போனதும் கம்ப்யூட்டரில் உன் பழைய ஃபோல்டரைத் திறந்தேன். அந்த வருடம் நீ அடித்த ரெஸ்யூம் ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஐம்பத்தி எட்டு வாங்கியவனுக்குக்கூட மார்க் போட்டிருக்கிறாய். எனக்கு மட்டும் இல்லை. உனக்காக நானே காரணம் தேடிப் பார்த்தேன் அண்ணே. மறந்திருப்பாய், ஏதோ அவசரத்தில் விட்டிருப்பாய் என்று. நான்தான் பின்னால் நின்று கெஞ்சினேனே, எப்படி மறக்கும்?

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. கையை நிறுத்தவே இல்லை.

"தெரியும். எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் செஞ்சான். அப்பத்தான் எனக்குச் சர்க்கரையில கண்ணு மங்கிப் போச்சு. பாப்பாவும் மெட்ராசுக்குப் போயிட்டா என்னால ஒத்தையில சமாளிக்க முடியாதும்மான்னான். நானும் சரின்னுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ போகாம இருந்துருவ. பின்னாடி அதைச் சொல்லிக் காட்டுவியோன்னு அவனுக்குப் பயம்."

சொல்லிக் காட்டுவேனாம். காட்டியிருக்கத்தான் செய்வேன், என் வாய் உனக்குத் தெரியாதா? இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு மூன்றாம் நாள் கடைக்கு வந்திருப்பேன். ஆனால் நான் எடுத்த முடிவாக இருந்திருக்கும். நீயோ எனக்குத் தகுதியில்லை என்று என்னையே நம்ப வைத்துவிட்டாய். ஆறு வருடமாக நான் மக்கு என்று நினைத்துக்கொண்டு ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். நீ செய்தது துரோகம் அண்ணே. வேறு நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

ரஹ்மத்துக்குப் போன் போட்டு, இப்போது நான் விண்ணப்பித்தால் மார்க் போடலாமா என்று கேட்டேன். "இனிமே அது தேவையில்லடி, நமக்கெல்லாம் இப்ப அனுபவத்தத்தான் பாப்பாய்ங்க" என்றாள். எனக்கு என்ன அனுபவம் இருக்கிறது? தொண்ணூற்று நாலு சதவீதம் எனக்கு உதவியிருக்கக்கூடிய அந்த ஒரே வருடத்தில் அதை நீ எடுத்து ஒளித்துவைத்தாய்.

இதோடு முடிந்திருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். நீ எனக்காக இட்டுக்கட்டிய பொய்யை நான் சட்டம் என்று நம்பி இந்தப் பத்து மாதமும் மற்றவர்கள் தலையிலும் கட்டியிருக்கிறேன். திருவாதவூரிலிருந்து கவிதா என்று ஒரு பிள்ளை, இந்த வருடம்தான் டிகிரி முடித்தவள், இரண்டு பஸ் மாறி வந்தாள். "பிளஸ் டூல தொண்ணூத்தி ஒண்ணுக்கா, போட்டா நல்லாருக்கும்ல?" என்று கேட்டாள். கண்ணாடியை இறக்கிக்கொண்டு அதே வசனத்தைச் சொல்லி அவள் வாயையும் அடைத்தேன். நீயாவது பயந்துபோய்ச் செய்தாய். நான் அந்தப் பிள்ளைக்குச் செய்ததை என்னவென்று சொல்வது?

நான் ரெஸ்யூம் அடித்துக்கொடுத்தவர்கள் எல்லோருக்கும் போன் செய்தேன். தப்பாக அடித்துவிட்டேன், வாருங்கள், திருத்தித் தருகிறேன் என்றேன். இரண்டு பேர் திட்டினார்கள். ஒரு பையன் ஏற்கெனவே வேலைக்குச் சேர்ந்துவிட்டான், நிம்மதியாக இருந்தது. கவிதா நேற்று வந்தாள். இதுவரை ஒரு இடத்திலிருந்தும் அவளைக் கூப்பிடவில்லை. மூன்று மார்க்கையும் மேலேயே கட்டம் போட்டு அடித்து, அவள் கண் முன்னாலேயே நாலு கம்பெனிக்கு அனுப்பினேன்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "நீங்களும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தானக்கா? நீங்க ஏன் வேலைக்குப் போகல?"

"எங்க அண்ணனுக்கு இந்த மார்க்கு விவரமெல்லாம் தெரியாதுடா. போடாம விட்டுட்டாரு" என்று சொல்லிவிட்டேன்.

ஊரில் உன்னைவிட அதை நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. அப்படியிருந்தும் உன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று வாய் முந்திக்கொண்டது. இத்தனைக்குப் பிறகும் ஒரு முன்பின் தெரியாத பிள்ளையிடம் நான் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். அவள் பஸ் ஏறிய பிறகு, உன்னைவிட என் மேல்தான் எரிச்சலாக வந்தது.

அடுத்து எந்தப் பிள்ளை வந்து இதைக் கேட்டாலும், எங்கள் அண்ணனுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் போடாமல் விட்டான் என்று சொல்வேன். அம்மா பக்கத்தில் இருந்தாலும் சொல்வேன். சத்தியம். உனக்காக நான் சொன்ன பொய் நேற்றோடு கடைசி.

உன்னை முழுசாக நம்பியிருந்த தங்கச்சி,
மீனா