உன் மில் மாவும் என் வாயும்

நண்பா,

இன்று மாலை கைலாசபுரத்தில் என் அண்ணன் மகள் வீட்டில் கோதுமை மாவுப் பாக்கெட்டைப் பிரித்தார்கள். அந்த வாசனை வந்ததுதான் தாமதம், திருவானைக்காவல் மில்லில் புருவமெல்லாம் வெள்ளையாக நிற்பாயே, அப்படியே வந்து நின்றுவிட்டாய். செத்து இரண்டு வருஷமானவனுக்கு இவ்வளவு அவசரமா? பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஃபோலிக் அமிலம் சேர்த்தது என்று பொடி எழுத்தில் இருந்தது.

கர்ப்பிணிகளுக்கு வேண்டிய அந்தச் சத்தைத்தானே நீயும் உன் மாவில் சேர்த்தாய். முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த உன் மகள் பதினோரு நாள்தான் இருந்தாள். அதற்குப் பிறகு டாக்டரம்மாவிடம் அளவு கேட்டு, மில்லில் அதைக் கலக்க ஒரு கருவி பூட்டி, வயிற்றுப் பிள்ளைக்கு நல்லது என்று வாசலில் போர்டும் வைத்தாய். நான் சும்மா இருப்பேனா? காவிரியின் இரு கரையிலும் என் வாய்க்கு ஈடான வாய் பிறக்கவில்லை என்ற இறுமாப்பு. டீக்கடையில் அறிவித்தேன்: “அவன் மாவுல சப்பாத்தி சாப்பிட்டா ஆம்பளைக்கும் மசக்கை வருமாம்.” முசிறி பஸ் கிளம்பும் முன்பே அந்தப் பேச்சு ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முசிறிக்குப் போய்ச் சேர்ந்தது. மாவு வாங்க வந்தவர்கள் போர்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேறு மில்லுக்குப் போனார்கள். உன்னிடம் வாங்குவதை முதலில் நிறுத்தியது என் அண்ணன் வீடுதான். இரண்டே மாதத்தில் கருவியைக் கழற்றினாய்.

அன்றும் நீ என்னைத் திட்டவில்லை. “உண்டாயிருக்குன்னு அவங்களுக்கே தெரியறதுக்குள்ள பிள்ளைக்கு முதுகுத்தண்டு மூடியாகணும்டா. அதுக்கு முன்னாடி மாத்திரை யாரு குடுப்பா? சாப்பாட்டுலதான் போகணும்” என்றாய்.

அண்ணன் மகள் தான் உண்டானதைப் பற்றி மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. நம் வீடுகளில் அதுதானே வழக்கம். டாக்டரிடமும் அதற்குப் பிறகுதான் போனாள். முந்தாநாள் ஐந்தாம் மாத ஸ்கேன். டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, மாத்திரை எப்போது தொடங்கினாய் என்று கேட்டாராம். வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை அன்றே ஓடிப்போய் வாங்கி வந்த மாவுதான் இது.

உன் மாவு காப்பாற்றியிருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. எல்லாக் குறையும் இந்தச் சத்து இல்லாததால் வருவதில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்தச் சமாதானம் எனக்கு ஒரு வாய் காப்பி இறங்கும் நேரம்கூட நிற்கவில்லை.

சப்பாத்தியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: “வியாழக்கிழமை நீங்களும் வாங்க சித்தப்பா. நீங்க எதையாவது பேசிட்டே வந்தா எனக்குப் பயம் தெரியாது.”

இரண்டு நாளாக என் வாயில் நீ சொன்ன “சாப்பாட்டுலதான் போகணும்” என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.