'கோ டூ'வுக்குப் பத்து மதிப்பெண்

ஜூன் 2, திங்கள்
காலையிலேயே வெயில். விடைத்தாள் திருத்தும் முகாம், முதல் நாள். ஹாலில் நாலு மின்விசிறி, ஓடுவது இரண்டு. மதியத்துக்கு எலுமிச்சை சாதம், தொட்டுக்கொள்ள எடுத்து வைத்ததை வீட்டிலேயே மறந்துவிட்டேன்.

சி புரோகிராமிங் தாள். விடைக்குறிப்பில் தடித்த எழுத்தில்: 'கோ டூ பயன்படுத்தினால் மதிப்பெண் இல்லை.' இன்ன வரிக்குத் தாவு என்கிற அந்த ஒரு கட்டளை மேல் அம்புட்டுக் கோபம். கேள்வித்தாளில் அப்படித் தடையே இல்லை.

ஒரு தாள். கட்டம் கட்டமாக அடுக்கிய எண்களில் ஒன்றைத் தேட வேண்டும். ஒரு சுற்றுக்குள் (லூப்) இன்னொரு சுற்று. எண் கிடைத்ததும் அந்தப் பிள்ளை 'கோ டூ' போட்டு, இரண்டு சுற்றையும் விட்டு ஒரே தாவலில் வெளியே. வரி வரியாக ஓட்டிப் பார்த்தேன். சரி. பத்துக்குப் பத்து போட்டேன். இந்தப் பத்து இல்லாவிட்டால் மொத்தத்தில் பெயில். பையனா பெண்ணா தெரியாது, தாளில் வெறும் நம்பர்தான்.

பக்கத்து நாற்காலி செல்வி, அழகர்கோவில் பக்கத்துக் கல்லூரி: "எதுக்குக்கா வம்பு? சைபரப் போட்டுட்டுப் போவீகளா!"

ஜூன் 3
தலைமைத் தேர்வாளர் கூப்பிட்டார். என் பத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"என்ன மேடம், நாமளே பிள்ளைகளக் கெடுக்குறதா?"

"புரோகிராம் தப்பா சார்?"

"தப்பில்ல. ஆனா 'கோ டூ' போடக்கூடாதுல்ல."

"ஏன் சார்?"

"எல்லாப் புத்தகத்துலயும் இருக்கே!"

"கண்டபடி தாவுனா படிக்கிறவனுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது, அதுக்குத்தான் வேண்டாம்னாங்க. இதுல என்ன சார் புரியல?"

"அடுத்த வருசம் முகாமுக்கு வர்ற எண்ணம் இருக்கா, இல்லையா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

மாற்ற மாட்டேன் என்றேன். பொறுப்பு உங்களுடையது, எழுதிக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். கையெழுத்தைப் பெரிதாகவே போட்டேன்.

சிம்மக்கல்லில் டவுன் பஸ். நெரிசலில், இறங்க முன்வாசலுக்கு நகர முடியவில்லை. கண்டக்டர்: "எந்த வாசல்னா என்னக்கா, எறங்குனாப் போதும்!" சிரித்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜூன் 4
மழை மூட்டம், பெய்யவில்லை. என் விடைத்தாள் கட்டுக்குள் இன்னொரு 'கோ டூ'. செல்வி எட்டிப் பார்த்து, "அக்காவுக்குன்னே வருது பாரு!" ஹாலே சிரித்தது. தலைமைத் தேர்வாளர் எழுந்தே வந்துவிட்டார்.

"இதுக்கும் பத்தா மேடம்?"

இதில் எண் கிடைத்த பிறகும் முதல் வரிக்கே தாவுகிறது. விடிய விடிய ஓடும்.

"சைபர் சார்."

"பாத்தீகளா!"

"'கோ டூ'வுக்காக இல்ல சார். இது நிக்கவே நிக்காது."

தாளை வாங்கிப் பார்த்தார். என் மேசையிலேயே திருப்பி வைத்தார்.

"நேத்துத் தாளு என்ன சார் ஆச்சு?"

"கட்டி அனுப்பியாச்சு."

"எத்தனையோட?"

"பத்தோடதான்."